முறுக்கு ஏன் தாமதமாக வந்தது? விநியோகத் தொடரை அளக்க ஒரு பொதுச் சட்டகம்

ஈசூனில் ஒரு வீவக வீட்டில் தீபாவளிக் காலத்தில் முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அத்தையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்ற தீபாவளிக்கு அவருக்கு 100 ஆர்டர்கள் வந்தன. முறுக்கின் சுவையில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் சிலருக்குப் பலகாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. சிலருக்கு ஒரு போத்தல் குறைந்தது. சிலருக்கு முறுக்கு நொறுங்கியிருந்தது. “அடுத்த வருஷம் வேற இடத்துல சொல்லிக்கிறோம்” என்று பழைய வாடிக்கையாளர் சிலர் சொல்லிவிட்டார்கள்.

அத்தை ஒரு முடிவுக்கு வந்தார். “கையால பிழியறதுதான் மெதுவா இருக்கு. 1,800 வெள்ளி போட்டு ஒரு மெஷின் வாங்கிடலாம்.”

அவர் முடிவு சரியா? நம்மில் பலர் சரி என்றுதான் சொல்வோம். ஆனால் 1,800 வெள்ளியைச் செலவழிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: குறை உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது? உலகின் பெரிய நிறுவனங்களும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. அதற்குப் பதில் தேட அவை பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று ‘ஸ்கோர்’ என்ற சட்டகம்.

தொடர் என்றால் என்ன?

ஒரு பொருள் மூலப்பொருளாக இருந்து உங்கள் கைக்கு வரும்வரை கடக்கும் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து விநியோகத் தொடர் என்கிறோம். முறுக்கை எடுத்துக்கொண்டால் அரிசி மாவு, உளுத்த மாவு, எண்ணெய், போத்தல் ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து வருகின்றன. மாவு விற்கும் தேக்கா கடைக்காரருக்கும் அதை வேறொருவர் கொடுக்கிறார். போத்தல் செய்பவருக்குப் பிளாஸ்டிக்கை இன்னொருவர் கொடுக்கிறார். மறுபக்கம், அத்தையிடம் 20 போத்தல் வாங்கும் ஒருவர் அவற்றைத் தம் அலுவலக நண்பர்களுக்கு விற்கலாம். வழங்குநரின் வழங்குநர் தொடங்கி வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் வரை இந்தத் தொடர் நீள்கிறது.

இவ்வளவு நீண்ட தொடரில் பலர் வேலை செய்யும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். ‘குறித்த நேரத்தில் அனுப்பினோம்’ என்று தொழிற்சாலை சொல்லும். சரக்கு கிடங்கைவிட்டுக் கிளம்பிய நாளை அது கணக்கில் வைத்திருக்கும். ‘தாமதமாக வந்தது’ என்று கடைக்காரர் சொல்வார். சரக்கு கடை வாசலுக்கு வந்த நாள் அவர் கணக்கு. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் அளப்பது வேறு வேறு. ஒருவர் அங்குலத்திலும் மற்றவர் சென்டிமீட்டரிலும் அளந்துவிட்டு எண்களை ஒப்பிடுவது போன்றது இது. அறிவியல் பாடத்தில் நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம் என்று உலகம் முழுவதற்கும் பொதுவான அலகுகளைப் படிக்கிறோம் அல்லவா? விநியோகத் தொடருக்கும் அப்படிப் பொதுவான சொற்களும் அளவுகளும் தேவைப்பட்டன.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிஆர்டிஎம், ஏஎம்ஆர் ரிசர்ச் என்ற இரண்டு ஆலோசனை, ஆய்வு நிறுவனங்கள் முன்னின்று விநியோகத் தொடர் மன்றம் என்ற அமைப்பைத் தொடங்கின. பல தொழில்துறைகளைச் சேர்ந்த நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. அவை கூடி உருவாக்கியதுதான் ‘சப்ளை செயின் ஆப்பரேஷன்ஸ் ரெஃபரன்ஸ்’ மாதிரி. அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைச் சுருக்கமாக ‘ஸ்கோர்’ என்கிறார்கள். 2014ஆம் ஆண்டு அந்த மன்றம் ‘ஏபிக்ஸ்’ என்ற அமைப்புடன் இணைந்தது. ஏபிக்ஸ் பிறகு விநியோகத் தொடர் நிர்வாகச் சங்கம் எனப் பெயர் மாறியது. இன்று ஸ்கோர் சட்டகத்தைப் பராமரித்து வருவது அந்தச் சங்கமே.

ஐந்து வினைச்சொற்கள்

ஸ்கோர் சட்டகத்தின் அடிப்படை எளிமையானது. எந்தத் தொழிலாக இருந்தாலும் அதன் விநியோகத் தொடரை ஐந்து வினைகளாகப் பிரிக்கலாம்.

திட்டமிடு: எவ்வளவு தேவைப்படும், நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவது. இந்தத் தீபாவளிக்கு எத்தனை போத்தல் முறுக்கு தேவை என்று அத்தை யோசிப்பது இதில் அடங்கும்.

கொள்முதல் செய்: மாவு, எண்ணெய், போத்தல் ஆகியவற்றை வாங்கி, சரிபார்த்து, எடுத்துவைப்பது.

தயாரி: மாவு பிசைவது, பிழிவது, சுடுவது, போத்தலில் அடைப்பது.

கொண்டுசேர்: ஆர்டரைக் குறித்துக்கொள்வதில் தொடங்கி, வீட்டு வாசலில் கொடுத்துப் பணம் பெறும்வரை எல்லாம்.

திரும்பப்பெறு: நொறுங்கியதை மாற்றிக் கொடுப்பது, அத்தை வாங்கிய கெட்டுப்போன மாவைக் கடைக்கே திருப்பி அனுப்புவது.

இந்த ஐந்துக்கும் துணைநிற்கும் பயிற்சி, விதிமுறைகள், தகவல் பராமரிப்பு போன்ற வேலைகளை 2012இல் ஆறாவது பிரிவாகச் சேர்த்தார்கள். 2022இல் மின்னிலக்கக் காலத்துக்கு ஏற்ற புதிய பதிப்பு வெளிவந்தது. ஆர்டர் பெறுவது அதில் தனி வினையாகப் பிரிக்கப்பட்டது. ‘தயாரி’ என்பது ‘உருமாற்று’ என்றானது. முழுத் தொடரையும் ஒருங்கிணைக்கும் வேலையும் தனியாகச் சேர்ந்தது. முதன்முறை இதைப் படிக்கும் நமக்கு அந்தப் பழைய ஐந்தே போதும்.

திறன்பேசி வரைபடத்தை விரல்களால் பெரிதாக்குவது போல இந்த ஐந்தையும் படிப்படியாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதல் நிலையில் ‘தயாரி’ என்ற வினை மட்டும் தெரியும். இரண்டாம் நிலையில் எந்த வகைத் தயாரிப்பு என்று தெரியும். முன்கூட்டியே சுட்டு வைத்து விற்பது ஒரு வகை. ஆர்டர் வந்தபின் சுடுவது இன்னொரு வகை. திருமணத்துக்கென ஒருவர் கேட்கும் வடிவத்தில் சீர்த்தட்டுப் பலகாரத்தைப் புதிதாக வடிவமைத்துச் செய்வது மூன்றாவது வகை. மூன்றாம் நிலையில் பிசைவது, சுடுவது, அடைப்பது போன்ற தனித்தனிப் படிகள் தெரியும். அதற்கும் கீழே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நடைமுறை வேறுபடும் என்பதால் ஸ்கோர் மூன்றாம் நிலையோடு நின்றுவிடுகிறது.

93.5 மதிப்பெண்ணா, 74 மதிப்பெண்ணா?

தொடரைப் பிரித்தாயிற்று. இனி அளக்க வேண்டும். அத்தையின் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். சென்ற ஆண்டின் 100 ஆர்டர்களையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் கேட்டாள்.

சொன்ன நாளில் போய்ச் சேர்ந்ததா? 90 ஆர்டர்களுக்கு ஆம்.
கேட்ட அளவு முழுமையாக இருந்ததா? 92 ஆர்டர்களுக்கு ஆம்.
நல்ல நிலையில் இருந்ததா? 95 ஆர்டர்களுக்கு ஆம்.
ரசீது சரியாக இருந்ததா? 97 ஆர்டர்களுக்கு ஆம்.

நான்கையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 93.5 வருகிறது. தேர்வில் இது நல்ல மதிப்பெண். பிறகு ஏன் வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள்?

ஸ்கோர் இதை வேறு விதமாகக் கணக்கிடச் சொல்கிறது. ஓர் ஆர்டர் நான்கு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டுமே அது குறையற்ற ஆர்டர். ஒன்றில் தவறினாலும் அதற்குப் பூஜ்ஜியம். அரை மதிப்பெண் கிடையாது. நோட்டைப் பார்த்தபோது தவறுகள் எல்லாம் வெவ்வேறு ஆர்டர்களில் நடந்திருந்தன. தாமதம் 10, அளவுக் குறைவு 8, நொறுங்கியது 5, ரசீதுத் தவறு 3. மொத்தம் 26 ஆர்டர்களில் குறை. ஆக, குறையற்ற ஆர்டர்கள் 74 மட்டுமே. நான்கு வீடுகளில் ஏறக்குறைய ஒரு வீட்டில் மனவருத்தம் ஏற்பட்டிருக்கிறது. 93.5 என்ற எண் மறைத்ததை 74 என்ற எண் காட்டிவிட்டது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ‘சொன்ன நாள்’ என்றால் எந்த நாள்? வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லி, பிறகு தொலைபேசியில் அழைத்து ஞாயிறுக்கு மாற்றி, ஞாயிறன்று கொடுத்தால் அது குறித்த நாளா? ஸ்கோர் கணக்குப்படி முதலில் ஒப்புக்கொண்ட நாள்தான் கணக்கு. இப்படி வரையறுக்காவிட்டால் நாளைத் தள்ளிவைத்துக்கொண்டே எல்லாரும் 100 மதிப்பெண் வாங்கிவிடலாம்.

குறை எங்கே ஒளிந்திருந்தது?

அடுத்து மகள் அந்த 26 குறைகளின் காரணத்தையும் தேடினாள்.

தாமதமான 10 ஆர்டர்களில் 6, போத்தல் வராததால் தாமதமானவை. முறுக்கு தயாராக இருந்தும் அடைக்கப் போத்தல் இல்லை. ஆர்டர்களை எண்ணிய பிறகுதான் அத்தை போத்தல் வாங்கச் சொல்வார். அதற்குள் கடையில் இருப்பு தீர்ந்துவிடும். இன்னும் 3 ஆர்டர்களில் வீட்டு எண் தவறாக எழுதப்பட்டிருந்தது. சுடுவதில் ஏற்பட்ட தாமதம் ஒன்றே ஒன்றுதான்.

அளவு குறைந்த 8 ஆர்டர்களுக்கும் ரசீது தவறிய 3 ஆர்டர்களுக்கும் காரணம் ஒன்றே. சிலர் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள், சிலர் தொலைபேசியில் சொன்னார்கள், சிலர் மின்தூக்கியில் பார்த்தபோது சொன்னார்கள். எல்லாம் மூன்று வேறு இடங்களில் எழுதப்பட்டிருந்தன. நொறுங்கிய 5 ஆர்டர்களுக்குக் காரணம் மெல்லிய போத்தல்.

இப்போது ஐந்து வினைகளின் கீழ் இவற்றை அடுக்கிப் பாருங்கள். போத்தல் பிரச்சினை ‘திட்டமிடு’ என்பதில் இருக்கிறது. வீட்டு எண், அளவு, ரசீது ஆகிய மூன்றும் ‘கொண்டுசேர்’ என்பதன் முதல் படியான ஆர்டர் குறிப்பதில் இருக்கின்றன. மெல்லிய போத்தல் ‘கொள்முதல் செய்’ என்பதில் இருக்கிறது. ‘தயாரி’ என்பதில் இருப்பது ஒரே ஒரு குறை.

அத்தை வாங்க நினைத்த இயந்திரம் அந்த ஒன்றை மட்டுமே தீர்த்திருக்கும். அதற்குப் பதிலாக, சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்து இரண்டு வாரம் முன்னதாகவே போத்தல் வாங்கினால் 6 குறைகள் நீங்கும். எல்லா ஆர்டரையும் ஒரே நோட்டில், வீட்டு எண்ணோடும் அளவோடும் எழுதினால் 3, 8, 3 என 14 குறைகள் நீங்கும். ஆக, 26இல் 20 குறைகளைத் தீர்க்க ஒரு நோட்டும் கொஞ்சம் முன்யோசனையும் போதும். குறையற்ற ஆர்டர் 74இலிருந்து 94ஆக உயர வாய்ப்பிருக்கிறது.

அத்தை முட்டாள் அல்லர். அடுப்பின் முன் வியர்த்து நின்றது அவர். அதனால் அவர் கண்ணுக்கு அடுப்புதான் பெரிதாகத் தெரிந்தது. பெரிய நிறுவனங்களிலும் இதேதான் நடக்கிறது. விற்பனைப் பிரிவு தொழிற்சாலையைக் குறைசொல்லும், தொழிற்சாலை லாரி ஓட்டுநரைக் குறைசொல்லும். எல்லாரும் ஒரே பட்டியலையும் ஒரே அளவையும் பார்க்கும்போது யார் தவறு என்ற பேச்சு நின்று, எந்தப் படியில் தவறு என்ற தேடல் தொடங்குகிறது.

அளக்க வேண்டியவை ஐந்து

குறையற்ற ஆர்டர் என்பது ‘நம்பகத்தன்மை’ என்ற பண்பின் அளவுகோல். ஸ்கோரின் பழைய பதிப்பு இன்னும் நான்கு பண்புகளையும் அளந்தது.

‘வேகம்’ என்பது ஆர்டர் வந்த நேரத்திலிருந்து வாடிக்கையாளர் பொருளைப் பெறும்வரை ஆகும் காலம். ஓர் ஆர்டருக்கான உண்மையான வேலை மூன்று மணி நேரம்தான் இருக்கும். ஆனால் ஒன்பது நாள் ஆகிறது என்றால் மீதி நேரம் எல்லாம் காத்திருப்பு. கை வேகத்தைக் கூட்டுவதைவிடக் காத்திருப்பைக் குறைப்பது பெரும்பாலும் எளிது.

‘சமாளிப்புத் திறன்’ என்பது எதிர்பாராத மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது. தேவை திடீரென்று உயர்ந்தால், 30 நாளில் எத்தனை விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க முடியும் என்பது இதன் அளவுகோல்களில் ஒன்று.

‘செலவு’ என்பது தெரிந்ததே.

‘முதலைப் பயன்படுத்தும் திறன்’ என்பது கையிலுள்ள பணமும் பொருளும் எவ்வளவு நாள் முடங்கிக் கிடக்கின்றன என்று பார்ப்பது. மாவும் முறுக்கும் வீட்டில் 10 நாள் இருக்கின்றன. விற்றபின் பணம் வர 20 நாள் ஆகிறது. கடைக்காரர் 7 நாள் கடன் கொடுத்தால் 10+20-7, அதாவது 23 நாள் அத்தையின் பணம் வெளியே இருக்கிறது. லாபம் வரும் தொழில்கூட இந்த நாள்கள் நீண்டால் கைப்பணம் இல்லாமல் நின்றுபோகலாம்.

ஐந்திலும் முதலிடம் பிடிப்பது நடைமுறையில் மிகக் கடினம். சமாளிப்புத் திறன் வேண்டும் என்றால் கூடுதல் போத்தல் வாங்கி வைக்க வேண்டும். அப்போது பணம் முடங்கும். செலவைக் குறைக்க ஒரே கடையில் மொத்தமாக வாங்கினால், அந்தக் கடை மூடும் நாளில் சமாளிக்க முடியாது. எனவே எந்தப் பண்பில் சிறந்து விளங்க வேண்டும், எதில் மற்றவர்களுக்கு இணையாக இருந்தால் போதும் என்று நிறுவனம் முன்பே முடிவெடுக்க வேண்டும்.

கோழிச் சோறு கற்பித்த பாடம்

இந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதை 2022இல் நாம் உணவங்காடி நிலையங்களிலேயே பார்த்தோம். அதற்கு முந்திய ஆண்டு சிங்கப்பூரின் கோழி இறக்குமதியில் ஏறத்தாழ 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி, உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்ட கோழி. மலேசியாவிலேயே கோழிக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதால், மாதத்துக்கு 3.6 மில்லியன் கோழி வரையிலான ஏற்றுமதியை ஜூன் 1 முதல் நிறுத்துவதாக அந்நாட்டு அரசாங்கம் மே 23ஆம் தேதி அறிவித்தது. புதிதாக அறுத்த கோழியையே நம்பியிருந்த கோழிச் சோற்றுக் கடைக்காரர்கள் திண்டாடினர்.

தட்டுப்பாட்டின் வேர்களில் ஒன்று கோழிப் பண்ணைக்கும் அப்பால் இருந்தது. கோழித் தீவனத்தின் முக்கியப் பொருள்களான சோளத்தையும் சோயாவையும் மலேசியா இறக்குமதி செய்கிறது. உக்ரேன் போரால் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. தீவனச் செலவும் ஏறியது. கடைக்காரருக்குக் கோழி கொடுப்பவர் பண்ணையாளர். பண்ணையாளருக்குத் தீவனம் கொடுப்பவர் வேறொருவர். வழங்குநரின் வழங்குநர் வரை பார்க்க வேண்டும் என்று ஸ்கோர் சொல்வதன் காரணம் இங்கே விளங்கும்.

சிங்கப்பூர் இதைச் சமாளித்த விதத்தையும் கவனியுங்கள். பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து உறைய வைத்த கோழி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. ஜூன் 30ஆம் தேதி இந்தோனீசியக் கோழிக்கும் அனுமதி வழங்கப்பட்டது. அக்டோபரில் மலேசியா தடையை முழுமையாக நீக்கியது. அந்த இடைவெளியில் பல வழங்குநர்கள் இருந்ததால்தான் தட்டில் கோழி தொடர்ந்து இருந்தது. பல நாடுகளுடன் தொடர்பு வைத்துக்கொள்ளச் செலவும் உழைப்பும் தேவை. அந்தச் செலவு, நெருக்கடி நாளில் சமாளிப்புத் திறனாகத் திரும்பி வந்தது.

சட்டகம் செய்யாதது

ஸ்கோர் ஒரு வெப்பமானியைப் போன்றது. காய்ச்சல் எவ்வளவு என்று காட்டும், மருந்து கொடுக்காது. 74 என்ற எண் தானாக 94 ஆகிவிடாது. காரணத்தைத் தேடி, ஒன்றை மாற்றி, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுவே. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

இதை நீங்களே முயன்று பார்க்கலாம். உங்கள் பள்ளிப் புத்தகக் கடையையோ, இணைப்பாட நடவடிக்கைக் குழு டி-சட்டை வாங்குவதையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வினைகளையும் ஒரு தாளில் எழுதி, யார் எதைச் செய்கிறார்கள் என்று குறியுங்கள். பிறகு 20 ஆர்டர்களுக்கு அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். நான்குக்கும் ‘ஆம்’ வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். எண்ணத் தொடங்கும் முன்பே, குறை எந்த வினையில் இருக்கும் என்று உங்கள் ஊகத்தை மடித்த தாளில் எழுதி வையுங்கள். கணக்கு முடிந்தபின் அதைப் பிரித்து ஒப்பிடுங்கள். ஊகம் தவறாக இருந்தால் வருந்த வேண்டாம். உங்கள் குழு 1,800 வெள்ளி இயந்திரம் ஒன்றை வாங்காமல் தப்பியிருக்கும்.